மார்கழியில் மாடு என்ன தின்னும்?

மாட்டுத் தீவனம் பற்றி எங்கள் பக்கத்தில் எந்தப் பயிற்சி வகுப்பு நடந்தாலும் திரையில் வருகிற முதல் படம் ஒன்றுதான். வெடித்துக் கிடக்கும் குளம், நடுவில் விலா எலும்பு தெரிய ஒரு மாடு. தலைப்பும் மாறுவதில்லை: வறட்சிக்காலத் தீவனம். பிறகு சி.ஓ.3 என்ற தீவனப்புல்லின் பெருமை, கரணை நடும் இடைவெளி, யூரியா வைக்கோல், தேநீர், கையொப்பம். சொல்லித்தருகிறவர்களில் நல்ல விசயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த முதல் படத்தோடு எனக்கு நீண்டநாள் வழக்கு. கிளிவெட்டி, சேருவில, ஈச்சிலம்பற்று, வெருகல் என்று திருகோணமலை மாவட்டத்து எங்கள் கொட்டியாரப் பக்கத்தில், கட்டிவைக்காமல் மந்தையாக மேய்க்கிற பட்டி மாடுகள் வயிறு காய்வது கச்சான் காற்றடிக்கும் ஆவணியிலா? நான் பார்த்தவரை மார்கழியில்தான். ஊரே பச்சைப்பசேல் என்று இருக்கும்போதுதான்.

ஆவணியில் புல் காய்ந்துதான் கிடக்கும், ஆனால் நிலம் திறந்திருக்கும். வெயில்கால நெல்லான சிறுபோக வேளாண்மை வெட்டி முடிந்த வயலில் தாள் இருக்கும், வரம்பில் ஏதாவது இருக்கும். குளம் வற்ற வற்ற உள்ளே கிழமைக்குக் கிழமை புதிதாக ஒரு பச்சை வளையம் வெளியே வரும். ஆற்றோரத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளங்களான வில்லுகளும் அப்படித்தான். தண்ணீர் இறங்கிய ஈரத்தில் முளைக்கிற அந்தக் குட்டைப் புல்லை மாடு மண்ணோடு நக்கி எடுக்கும். மெலியும், பால் குறையும், ஆனாலும் நடந்து தேடினால் அன்றைய பாட்டுக்கு ஏதோ கிடைத்துவிடும். ஐப்பசியில் மழை இறங்கியதும் எல்லாம் தலைகீழ். வயல் விதைத்தாகிவிட்டது, உள்ளே கால் வைக்கக்கூடாது. குளத்தடி தண்ணீருக்குள், வில்லும் தண்ணீருக்குள். மிச்சம் காட்டோரம், அங்கே போனால் காட்டு எல்லைக்கல், தாண்டக்கூடாது. திருகோணமலையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து சனவரிக்குள் கொட்டிவிடும். புல் முளைக்கிற மாதங்களும் அவைதான், மாட்டுக்கு இடமில்லாமல் போகிற மாதங்களும் அவைதான்.

2022 மார்கழி

இதை நான் முன்பும் அரைகுறையாக நினைத்ததுண்டு. நினைப்பு உறுதியானது 2022 டிசம்பர் இரண்டாம் வாரத்தில். மாண்டஸ் புயல் தமிழ்நாட்டுக் கரைக்குப் போனது, எங்களுக்கு அதன் குளிர் மட்டும் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் ஓரிரு நாளில் செத்துப்போனதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஏதோ தொற்றுநோய் என்று முதலில் பயந்தார்கள், மாட்டிறைச்சி கொண்டுபோகக் கட்டுப்பாடு போட்டார்கள். பேராதனையில் பரிசோதித்துவிட்டுக் குளிர்தான் காரணம் என்று சொன்னார்கள். எங்கள் பெரியப்பாவின் பட்டி அப்போது வெருகல் ஆற்றுப் பக்கம் ஒரு மேட்டில் இருந்தது. இரவெல்லாம் காற்றும் தூறலும். சேற்றில் படுக்க முடியாமல் நின்றே கழித்த மாடுகளில் சில விடியக்காலையில் காலை மடக்கின, அப்புறம் எழும்பவில்லை. கிடாரிகளும் கன்றீன்ற பசுக்களும்தான் கூடுதல்.

பார்க்க வந்த மிருக வைத்தியர் சொன்னதைத்தான் நான் இன்றைக்கும் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். "குளிர் கொன்டது உண்மைதான் தம்பி. ஆனா குளிரோட சண்டை பிடிக்க உடம்பில ஒண்டும் இருக்கேல்ல." பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சுத்திவரப் பச்சை, நான் மாட்டைப் பட்டினி போட்டனெண்டு சொல்றீங்களோ?" என்றார். வைத்தியர் விவாதிக்கவில்லை. செத்த மாட்டின் முதுகெலும்பைக் கையால் தடவிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னதன் உள்விசயம் இதுதான். மழைக்காலத்து இளம்புல்லில் எண்பது வீதத்துக்கு மேல் தண்ணீர். இருநூறு கிலோ எடையுள்ள ஊர் மாடு ஒன்றுக்கு நாளுக்கு ஐந்து கிலோ அளவு உலர்பொருள் வேண்டும். ஈரப்புல்லில் அதை எடுக்க இருபத்தைந்து முப்பது கிலோ மேய வேண்டும். முழங்கால் தண்ணீரில், இன்னும் பத்துப் பட்டி நிற்கிற ஒரு மேட்டில், அது நடக்காத காரியம். வயிறு ஊதித் தெரியும், உள்ளே தண்ணீர்தான். இன்னொன்றும் இருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் நார்த்தீனி நொதிக்கும்போது சூடு பிறக்கிறது. குளிர் நாட்டில் பனிக்காலத்தில் மாட்டுக்குக் கூடுதலாக உலர்புல் போடுவது இதற்காகத்தான். உடம்பு நனைந்த மாடு, அந்த நாட்டு மாடாக இருந்தாலும், 15 பாகை செல்சியசுக்குக் கீழே போனதும் சூட்டைக் காப்பாற்ற உடம்புச் சக்தியைச் செலவழிக்கத் தொடங்கிவிடும் என்பது அவர்களது கணக்கு. எங்கள் மாட்டுக்கோ மெல்லிய தோல், கட்டை மயிர், கொழுப்பென்று ஒன்றுமில்லை. அந்த இரவில் ஆளுக்கு மூன்று கிலோ காய்ந்த வைக்கோல் உள்ளே இருந்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலது பிழைத்திருக்கும்.

மாட்டை எடுக்கிற திகதி

அதற்கு அடுத்த பெரும்போகத்துக்கு, அதாவது மழைக்கால நெல்லுக்கு, வயல்காரரும் அதிகாரிகளும் கூடித் திகதிகளைத் தீர்மானிக்கிற ஆரம்பக் கூட்டம் நடந்தது. வயல் செய்கிறவர்களுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வாய்க்கால் துப்புரவு முடிக்கிற திகதி, தண்ணீர் திறக்கிற திகதி, விதைப்பு முடிக்கிற கடைசித் திகதி, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, காப்புறுதி, பசளை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை, பிறகு கை உயர்த்தல், பிறகு அடுத்த விடயம். அந்தப் பட்டியலில் வழக்கம்போல வந்தது மாடுகளை வயலிலிருந்து அப்புறப்படுத்தும் திகதி. வாசித்தார்கள். யாரும் எதிர்க்கவில்லை, எதிர்க்க அதில் ஒன்றும் இல்லைதானே. அந்தத் திகதிக்குப் பிறகு வயலில் பிடிபடும் மாடு கட்டாக்காலி. பிடித்துக் கட்டலாம், நட்டம் அறவிடலாம்.

பின்வரிசையில் ஒரு வயதானவர் எழும்பினார். ஈச்சிலம்பற்றுப் பக்கத்துப் பட்டிக்காரர். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்டார்: "மாட்டை எடுக்கிற திகதி சொல்லிட்டீங்க ஐயா. கொண்டு போற இடத்தையும் ஒருக்கா சொன்னீங்கெண்டா நல்லம்." மண்டபம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேரிடம் மாடு இருக்கிறது, அதுதான் வேடிக்கை. மேசையில் இருந்தவர் கெட்ட மனிதர் இல்லை, மரியாதையாகத்தான் பதில் சொன்னார். இது பயிர்ச்செய்கைக் கூட்டம் ஐயா, மேய்ச்சல் தரை விசயம் வேறு, எழுத்தில் தாருங்கள், உரிய இடத்துக்கு அனுப்புகிறோம். பெரியவர் இருக்கவில்லை. "எழுத்தில தந்துதான் ஐயா பத்து வருசம். மாடு எழுத்தைத் தின்னாது" என்றார். இரண்டாவது தடவை அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. வயலுக்குத் தண்ணீர் முறை பார்க்கிற வட்டவிதானை அவரைத் தோளில் பிடித்து இருத்தினார், கூட்டம் வாய்க்கால் கதவு திருத்துகிற விடயத்துக்குப் போய்விட்டது.

நான் மண்டபத்தை விட்டு வெளியே வந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பெரியவரின் கேள்வி நியாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். மேய்ச்சல் தரை கேட்டு மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைக்காரர்கள் 2023 செப்டெம்பரில் வீதியில் குந்தினார்கள், அந்தக் கதை எவ்வளவு நீளம் என்று ஊருக்கே தெரியும். எனக்குப் பட்டது வேறொன்று. நெல்லுக்கு ஒரு திகதி இருக்கிறது, தண்ணீருக்குத் திகதி, உரத்துக்குத் திகதி, மாட்டை விரட்டவும் திகதி இருக்கிறது. அந்த மாடு தின்னப்போகிற சாமானுக்கு எந்தக் கூட்டத்திலும் திகதி இல்லை. புல் என்றால் வாய்க்கால் ஓரத்தில் பொசிகிற தண்ணீரில் தானாக வளர்வது என்றே சின்ன வயதிலிருந்து எங்கள் மண்டையில் ஏறியிருக்கிறது. அதை யாரோ ஒருவர் ஒரு மாதத்தில் உண்டாக்கி, இன்னொரு மாதத்துக்கு எடுத்துவைக்க வேண்டும் என்று பட்டிக்காரரும் நினைப்பதில்லை, வகுப்பெடுக்கிறவர்களும் சொல்வதில்லை.

புல் நடுங்கள் என்று சொல்வது லேசு

வகுப்பில் சொல்கிற தீர்வு சி.ஓ.3. கோயம்புத்தூரில் கம்பையும் யானைப்புல்லையும் கலந்து எடுத்த இனம். நல்ல புல்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கரில் நிற்கிறது, கறவை மாடுகள் அதில்தான் ஓடுகின்றன. எருப்போட்டு, ஊற்றுத்தண்ணீர் விட்டால் நட்டு எழுபத்தைந்து எண்பது நாளில் முதல் வெட்டு, அதன்பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை. எங்கள் ஆட்களுக்குள்ள ஒரு வியாதி, புல் உயர்ந்து நிற்பதைப் பார்க்க ஆசை. ஆள் உயரம் தாண்டும்வரை விட்டுவைத்து, வீதியால் போகிறவர்களுக்குக் காட்டி, பிறகு வெட்டுவார்கள். அப்போது அது கரும்பு மாதிரி. இலையை மாடு உருவித் தின்றுவிட்டுத் தண்டைக் காலால் உழக்கிவிடும். புரதமெல்லாம் இலையிலே இருக்கும்போது வெட்ட வேண்டும், அழகு பார்க்கக் கூடாது. யானைக்கும் இந்தப் புல் பிடிக்கும் என்பதைப் பெயரைப் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம். போன வருடம் ஒரு தனியன் வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து பாதிப் பற்றையைப் பிடுங்கிப்போட்டது. நெல் என்றால் அன்றோடு முடிந்திருக்கும். மிச்சக் கட்டைகள் இரண்டு கிழமையில் துளிர்த்துவிட்டன.

சரி, இதைப் பட்டிக்காரருக்குச் சொன்னால்? அறுபது மாடு உள்ள ஒரு பட்டியை எடுத்துக்கொள்வோம், எங்கள் பக்கத்தில் அது நடுத்தரம். மாட்டுக்கு இருபத்தைந்து கிலோ பச்சைப் புல் என்றால் நாளுக்கு ஒன்றரைத் தொன். நல்ல தண்ணீர், நல்ல உரத்தோடு சி.ஓ.3 ஒரு ஹெக்டேயரில் வருடத்துக்கு 400 தொன் வரை தரும் என்று புத்தகம் சொல்கிறது. ஏக்கருக்குப் பிரித்தால் நாளுக்கு நானூற்றைம்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. புத்தகக் கணக்கிலேயே நாலு ஏக்கர் வேண்டும். எங்கள் பராமரிப்பில் பாதிதான் வரும் என்று வைத்தால் ஏழு ஏக்கர், அதுவும் தண்ணீர் பாய்கிற காணி. அப்படி ஏழு ஏக்கர் வைத்திருக்கிறவர் நெல் விதைப்பாரா, புல் நடுவாரா? நட்டாலும் தினமும் ஒன்றரைத் தொன்னை யார் வெட்டி, யார் சுமப்பது? பட்டி என்பதே ஒரு மேய்ப்பனும் ஒரு பொடியனும் அவர்கள் தங்க ஒரு வாடியும்தான். மாடு நாளுக்கு ஒன்றரை, இரண்டு லீற்றர் தருகிறது, அதிலும் கன்றுக்கு விட வேண்டும். அந்தப் பாலின் காசில் ஒரு கூலியாளுக்கும் சம்பளம் கட்டாது. பெரியப்பாவிடம் இந்தப் பேச்சை எடுத்தபோது, "புல்லை நட்டுத் தண்ணி விட்டு, வெட்டிச் சுமந்து ஊட்டியும் விடச் சொல்றான் மகன்" என்று பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார். நக்கல்தான், ஆனால் கணக்கு அவர் பக்கம்.

ஆகவே கால் ஏக்கர்ப் புல் என்பது என்னைப்போல இரண்டு மூன்று கலப்பின மாடு கட்டிவைத்துக் கறக்கிறவனுக்கு. வேலியில் கிளிசீரியா நட்டால் அவனுக்கு இன்னும் நல்லது. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசாங்கமே அறிவித்த மரம், எங்கள் வேலிகளில் சும்மா நிற்கிறது. குழையில் புரதம் இருபது வீதத்துக்கு மேல். வெட்டின உடனே போட்டால் மணத்துக்கு மாடு முகத்தைத் திருப்பும், ஓர் இரவு வாட விட்டுப் போட்டால் தின்னும். வாடின குழையைப் புல்லோடு கலந்து போடத் தொடங்கியபின் நான் புண்ணாக்கு வாங்குவது குறைந்திருக்கிறது. இதெல்லாம் வேலை செய்கிறது. பட்டி மாட்டுக்கு மட்டும் இதில் ஒன்றும் எட்டாது. இந்த இரண்டு வகை மாட்டுக்காரரையும் ஒரே மண்டபத்தில் இருத்தி ஒரே புல்லின் கரணையைக் கையில் கொடுத்தனுப்புவதுதான் எனக்கு எரிச்சல்.

எரிகிற தீவனம்

பட்டி மாட்டுக்கு மார்கழியில் உலர்ந்த வயிற்றுநிரப்பு வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று தேடினால் புரட்டாசியில், எங்கள் கண்முன்னால், புகையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

சூடடித்த காலத்தில் வைக்கோல் களத்தில் ஒரே இடத்தில் குவியும். போர் போட்டால் மழை முடியும்வரை மாடு அதன் அடியை இழுத்துத் தின்னும், அதை யாரும் தீவன முகாமைத்துவம் என்று சொன்னதில்லை. இப்போது பெரிய மெசின் வந்து காலையில் வெட்டி மத்தியானம் நெல்லைச் சாக்கில் தருகிறது. வைக்கோலை வயல் முழுக்கத் துப்பிவிட்டுப் போகிறது. சிதறினதைக் கூட்டிச் சேர்க்கக் கூலி கட்டாது, அடுத்த போகத்துக்கு உழவு இடைஞ்சல், ஆகவே நெருப்பு. மெசினைத் திட்டி என்ன பயன், அரிவாளுக்குத் திரும்ப யாரும் தயாரில்லை, நானும் இல்லை. ஆனால் வைக்கோலை அள்ளிக் கட்டுகிற மெசினும் இருக்கிறதே. வெட்டின பின்னால் உழவு இயந்திரத்தில் கொழுவி இழுத்தால், சிதறிக் கிடப்பதை உருட்டி, நூல் சுற்றி, பதினைந்து கிலோ அளவுக் கட்டுகளாக வெளியே தள்ளும்.

அறுபது மாட்டுக்கு நாளுக்கு மூன்று கிலோ வீதம், மேய்ச்சலுக்கு மேலதிகமாக, மார்கழியும் தையும் கழிய இரண்டு மாதத்துக்கு: பதினோராயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எழுநூற்றிச் சொச்சம் கட்டு. ஒரு ஏக்கரில் விழுகிற வைக்கோல் கிட்டத்தட்ட அதில் விளைந்த நெல்லின் எடை இருக்கும், உயரத்தில் வெட்டுவதால் எல்லாம் கட்டில் வராது. பத்துப் பன்னிரண்டு ஏக்கர் வைக்கோல் போதும். அந்த ஏக்கர்களை யாரும் புல்லுக்கென்று விட்டுத்தர வேண்டாம், நெல் எடுத்தபின் எரிக்கப்போகிற சாமான். சிறுபோக வெட்டு ஆவணி, புரட்டாசி வெயிலில் நடப்பதால் காய்வதற்கும் கவலையில்லை. மழை தொடங்கமுன் தகரத்துக்குக் கீழே போய்விட்டால் சரி.

வெறும் வைக்கோலில் புரதம் மூன்று நான்கு வீதம்தான் என்பது தெரியும். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவை நூறு லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப்புகாமல் மூடிப் பத்து நாள் வைத்தால் அது ஏறும், நாரும் இளகும். எடுத்ததும் மணம் போகக் கொஞ்சம் ஆறவிட வேண்டும், சின்னக் கன்றுகளுக்குப் போடக் கூடாது. நல்ல முறைதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் 2021இல் உர இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்தபோது வயலுக்கே யூரியா கிடைக்கவில்லை, மாட்டுக்கு எங்கே போவது. பட்டிக்காரரிடம் முதல் வருடமே யூரியா, தராசு, பொலித்தீன் என்று தொடங்கினால் அவர் வைக்கோலையும் சேர்த்து விட்டுவிடுவார். முதலில் நனையாத வைக்கோல். மார்கழி ஈரப்புல்லோடு சேர்ந்தால் அதுவே பெரிது. புரதம் ஓரளவு அந்த இளம்புல்லில் இருக்கிறது, இல்லாதது உலர்பொருள்தான்.

பச்சைத் தீனியைக் காற்றுப்புகாமல் அமுக்கிப் புளிக்கவைக்கிற சைலேஜ் செய்யலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். செய்யலாம், சோளம் போட்டு நீல நிறப் பரலில் அமுக்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கறவைக்கு அருமை. ஆனால் உறையில் கட்டி வைத்தால் எலி ஓட்டை போடும், ஓட்டை வழியே காற்றுப் போனால் பூஞ்சணம், பிறகு எல்லாம் குப்பை. வாடியில் அதைக் காக்க முடியாது.

பெரியப்பாவை ஒருமாதிரி இணங்கவைத்துவிட்டேன். வைக்கோலுக்குக் காசு கொடுப்பதுதான் அவருக்கு விழுங்கமுடியாத விசயம். "எரிக்கிற சாமானுக்கு ஆரடா காசு குடுக்கிறது?" வயல்காரரிடம் காசு வேண்டாம், வரம்பு உடையாமல் மெசின் போனால் போதும் என்று இரண்டு மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தன் வயலில் எருவுக்காகச் சில இரவு பட்டி அடைக்கக் கேட்டார், அது பெரியப்பாவுக்குப் புரிகிற கொடுக்கல் வாங்கல், உடனே தலையாட்டினார். மேட்டில் கொட்டில் போடுவதுதான் இழுபறி. தகரம் போட்டால் நிரந்தரக் கட்டடம் என்று யாராவது வந்து நிற்பார்களோ என்று பயம், அதனால் இப்போதைக்குக் கிடுகும் மேலே தறப்பாளும் என்று முடிவு. நிலத்திலிருந்து இரண்டு முழம் உயர்த்திப் பரண் போட வேண்டும், இல்லாவிட்டால் கீழ்க்கட்டு எல்லாம் ஈரம் குடித்துவிடும்.

கட்டுகிற மெசின்காரர் பக்கத்து மாவட்டத்துக்காரர். பத்துப் பன்னிரண்டு ஏக்கருக்கு இவ்வளவு தூரம் வரக் கட்டாதாம், ஒரே வெளியில் நாற்பது ஏக்கராவது சேர்த்துத் தந்தால் வருவாராம், டீசலுக்கு முற்பணமும் வேண்டுமாம். மிச்சக் கட்டுகளை எடுக்க வேறு பட்டிக்காரர்களைப் பிடிக்க வேண்டும். ஆரம்பக் கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்ட அந்த ஈச்சிலம்பற்றுப் பெரியவரின் இடத்தை வட்டவிதானையிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பெரியப்பாவும் வருகிறாராம், விலை பேச நான் சரிவர மாட்டேன் என்று.